45 பவுண்டு வில்: இஷியும் டாக்டர் போப்பும்

வேட்டைக்குக் கையால் செய்த மரவில் ஒன்று தேர்ந்தெடுக்கணும்னா எதை முதலில் பார்ப்பீங்க? மேற்கத்திய நாடுகளில் வில் செய்பவரிடம் போய் நிற்கும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை பவுண்டு?" என்பதுதான். பவுண்டு என்றால் வில்லைத் தராசில் வைத்துப் பார்க்கும் எடை அல்ல. நாணை முழுசா இழுத்துப் பிடிக்க எவ்வளவு பலம் வேணும் என்கிற கணக்கு. 28 அங்குலம் இழுத்த நிலையில் 50 பவுண்டு என்றால், அந்த இழுப்பில் 50 பவுண்டு எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமமான பலம் விரல்களில் விழுகிறது என்று பொருள்.

பவுண்டு கூடினால் அம்பு வேகமாகப் போகும், தூரம் போகும், ஆழமாக இறங்கும். எனவே பலமான வில்தான் நல்ல வில், நம்மால் இழுக்க முடிந்ததிலேயே பெரியதை வாங்கிவிட வேண்டியதுதான். கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வில்வேட்டையின் வரலாற்றில் இந்தக் கணக்குக்கு ஒத்துவராத ஒரு மனிதர் இருக்கிறார். இன்றைய அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் பலர் தங்கள் பரம்பரையை அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். அவரிடம் இருந்ததோ 42 அங்குலக் குட்டை வில். பலம் வெறும் 45 பவுண்டு.

அவரையும், அவரிடம் வில் கற்றுக்கொண்ட ஒரு டாக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பவுண்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பது தெரியும். இருவரும் ஒரே மாதிரி மானைத்தான் தேடிப் போனார்கள், ஆனால் தேர்ந்தெடுத்த வில்கள் முற்றிலும் வேறு. ஏன்?

பெயர் சொல்லாத மனிதர்

1911 ஆகஸ்ட் 29. வடக்கு கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு கசாப்புக் கொட்டகை அருகே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பசியில் சோர்ந்து போய்ப் பிடிபட்டார். தலைமுடி தீயில் பொசுக்கிக் குட்டையாக இருந்தது. அது அவர் இனத்தில் துக்கம் காப்பதன் அடையாளம். அவர் பேசிய மொழி அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகம் இருந்தது. செய்தி தெரிந்ததும் அங்கிருந்து வாட்டர்மன் என்ற ஆய்வாளர் கிளம்பி வந்தார். யானா மொழிச் சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட, ஒரு சொல்லில் அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. யானாவின் ஒரு கிளையான யாஹி இனத்தின் கடைசி மனிதர் அவர். தன் பெயரைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கமில்லை. அருங்காட்சியகத் தலைவர் ஆல்ஃபிரட் குரோபர் அவரை "இஷி" என்று அழைத்தார். யானா மொழியில் இஷி என்றால் "மனிதன்", அவ்வளவுதான்.

அவருடைய மக்கள் எங்கே போனார்கள்? 1848க்குப் பின் தங்கம் தேடி வந்த கூட்டம் கலிபோர்னியாவை நிறைத்தது. 1860களில் யாஹிகளைக் குடியேறிகள் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சிய சிலர் மில் கிரீக், டியர் கிரீக் ஆறுகளின் பள்ளத்தாக்குகளுக்குள் ஒளிந்துகொண்டார்கள். ஏறக்குறைய 40 வருஷம் அப்படியே ஒளிந்து வாழ்ந்தார்கள். புகை வெளியே தெரியக்கூடாது, கால்தடம் பதியக்கூடாது, சத்தம் வரக்கூடாது. 1908இல் நில அளவைக்கு வந்த ஒரு குழு அவர்கள் ஒளிந்திருந்த குடிலைக் கண்டுபிடித்து, அங்கிருந்த பொருள்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. குளிர்காலத்துக்கு வைத்திருந்த பொருள்கள் அவை. அப்போது மிச்சம் இருந்ததே நாலு பேர்தான். அடுத்த மூன்று வருஷத்தில் இஷி தனியாளாகிப் போனார்.

இந்தப் பின்னணி வில்லுக்கு முக்கியம். துப்பாக்கி ஒரு முறை வெடித்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். வில்லின் சத்தம் பக்கத்துப் புதர் வரைக்கும்தான். நமக்கு வில் ஒரு பழமை. யாஹிகளுக்கு அது உயிரோடு இருப்பதற்கான வழி.

பக்கத்துக் கட்டிடத்து டாக்டர்

அருங்காட்சியகத்துக்கு அடுத்த கட்டிடம் மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவை சிகிச்சை கற்பித்தவர் சாக்ஸ்டன் போப். (நம்ம ஜி.யு. போப்புக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) 1912 முதல் இஷிக்கு வைத்தியம் பார்த்தவர் இவர்தான். இஷி அவரை "குவி", அதாவது மந்திர வைத்தியர், என்று அழைத்தார். அந்த மரியாதை அறுவை சிகிச்சைக்காகக் கிடைத்ததைவிட, போப் பொழுதுபோக்காகச் செய்துகாட்டிய மேஜிக் வித்தைகளுக்காகக் கிடைத்தது என்று சொல்வார்கள்!

இஷி வில் செய்வதையும் அம்பு செய்வதையும் பார்த்த டாக்டருக்கு ஆசை பற்றிக்கொண்டது. இருவரும் சேர்ந்து எய்து பழகினார்கள். 1914 மே மாதம் குரோபர், வாட்டர்மன், போப், போப்பின் மகன் எல்லோரும் இஷியுடன் டியர் கிரீக் காட்டுக்கே போய்த் தங்கினார்கள். அங்கே எங்கே ஒளிந்தோம், எங்கே மீன் பிடித்தோம், எங்கே மானுக்குக் காத்திருந்தோம் என்று இஷி இடம் இடமாகக் காட்டினார். இவற்றையெல்லாம் போப் எழுதிவைத்தார். அதனால்தான் இஷியின் வில்லைப் பற்றி நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

இஷியின் வில்

மரம், மலை ஜூனிபர். மரத்திலிருந்து ஒரு கிளையைப் பிளந்தெடுத்து, அதன் வெளிப்பக்கத்து மரத்தைப் பயன்படுத்துவார். நீளம் அளக்க டேப் கிடையாது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்நுனியிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை. இஷியின் உடம்புக்கு அது 42 அங்குலம். வில்லின் ஒவ்வொரு பாதியும் நடுவில் சுமார் 2 அங்குல அகலம், அரை அங்குலக் கனம். மணற்கல்லில் தேய்த்துத் தேய்த்து உருவம் கொண்டுவருவார். நுனிகளைச் சூடான கல்லில் வைத்து முன்பக்கமாக லேசாக வளைத்து, கட்டிப்போட்டு, இருட்டான உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் காயவிடுவார்.

அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது. மானின் கால் தசைநார்களை வாயில் போட்டு மென்று மென்று, நார் நாராகப் பிரிப்பார். சால்மன் மீன் தோலைக் காய்ச்சி எடுத்த பசையை வில்லின் முதுகில் தடவி, அந்த நார்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு அடுக்கி ஒட்டுவார். நாணும் மான் தசைநாரை முறுக்கிச் செய்ததுதான்.

எதற்கு இவ்வளவு பாடு? வில் வளையும்போது அதன் இரண்டு பக்கமும் வேறு வேறு கஷ்டத்தை அனுபவிக்கின்றன. அம்பு போகும் திசையைப் பார்க்கிற பக்கம் முதுகு. எய்பவரைப் பார்க்கிற பக்கம் வயிறு. முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். நீளமான வில்லில் இந்த இழுபடுதல் நிறைய தூரத்துக்குப் பரவிவிடும். 42 அங்குலக் குட்டை வில்லை 26 அங்குலம் இழுத்தால் முழுச் சுமையும் கொஞ்ச இடத்தில் விழும். வெறும் மரமாக இருந்தால் முதுகு படாரென்று பிளந்துவிடும். தசைநார் மரத்தைவிட அதிகமாக நீண்டு திரும்பும். முதுகில் அதைப் போர்த்தினால் பிளக்காது. அதாவது, இஷி முதலில் குட்டை வில்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்காக இத்தனை வேலையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

குட்டை வில்லில் இன்னொரு தொல்லையும் உண்டு. முழுசா இழுக்கும்போது நாண் கூர்மையான கோணத்தில் மடங்கும். மூன்று விரலால் இழுப்பவருக்கு விரல் நசுங்கும். இஷி இழுத்தது கட்டைவிரலால். வில்லும் கையும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஏற்பாடு.

வில்லை நாணேற்றியபடி விட்டுவைத்தாலோ, நிற்க வைத்தாலோ அது களைத்துப் போய் வியர்க்கும் என்பாராம் இஷி. வேலை முடிந்ததும் படுக்க வைத்துவிட வேண்டும். அதை யாரும் தாண்டக்கூடாது, குழந்தைகள் தொடக்கூடாது. (பெண்களும் தொடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை.) கேட்கிறவருக்கு மூடநம்பிக்கை மாதிரி இருக்கலாம். ஆனால் நாணேற்றிய நிலையிலேயே விடப்பட்ட மரவில் வளைந்தது வளைந்தபடி நின்று பலம் இழக்கும் என்பதை எந்த வில்தச்சரும் இன்றைக்கும் ஒத்துக்கொள்வார். வில் களைத்துப்போகும் என்று இஷி சொன்னதும் இதைத்தான்.

ஏன் 45?

இஷியின் வில் சுமார் 45 பவுண்டு, அம்பை ஏறக்குறைய 200 கஜம் எறியும் என்று போப் குறித்திருக்கிறார். கூடவே அவர் சொல்லும் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இஷியால் இதைவிடப் பலமான வில் செய்ய முடியும். வேண்டும்போது செய்தும் இருக்கிறார். ஆனால் வேட்டைக்கு அவருக்குப் பொருத்தமாகப் பட்டது இந்த அளவுதான்.

அப்படின்னா இது பலவீனத்தால் வந்த 45 இல்லை, தேர்ந்தெடுத்த 45. காரணம் அவர் வேட்டையாடிய விதத்தில் இருக்கிறது.

வேட்டைக்கு முந்தின நாளே மீன் சாப்பிடமாட்டார், புகை பிடிக்கமாட்டார். அதிகாலையில் ஓடையில் குளித்து, வாசனை இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். மனித வாடை மானுக்குப் போகக்கூடாது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும். இரண்டு விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி ஒரு சத்தம் எழுப்புவார். அடிபட்ட முயலின் கீச்சொலி மாதிரி இருக்கும். அதைக் கேட்டு முயல் வரும், சில சமயம் அதைத் தின்ன வரும் விலங்குகளும் வரும். பாடம் செய்த மான்தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு புதருக்குப் பின்னால் மெல்ல ஆட்டி, மானின் ஆர்வத்தைத் தூண்டி அருகே வரவைப்பதும் உண்டு.

இப்படியெல்லாம் செய்தால் மான் எவ்வளவு பக்கத்தில் நிற்கும்? 10, 20 கஜம். அந்தத் தூரத்துக்கு 45 பவுண்டே தாராளம். அம்பு கொல்வது துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் இல்லை, அறுத்து ரத்தம் வெளியேற்றுவதால். ஆகவே கூர்மையும் அது பாயும் இடமும்தான் விஷயம். எரிமலைக் கண்ணாடிக்கல்லைச் சில்லு சில்லாகத் தட்டி இஷி செய்த அம்புமுனைகளின் கூர்மைக்கு அந்த அறுவை சிகிச்சை டாக்டரைவிட நல்ல ரசிகர் யார் இருக்க முடியும்?

புதருக்குள் குந்தியபடி, அசையாமல், எவ்வளவு நேரமானாலும் இருக்கணும். மான் சரியாகத் திரும்பும் வரை நாணை இழுத்த நிலையில் பிடிக்கவேண்டி வரலாம். அந்த நேரத்தில் 80 பவுண்டு வில் கையை நடுங்க வைக்கும். ஆறடி வில் கிளையில் இடிக்கும். குந்தி உட்கார்ந்து எய்யவும் புதருக்குள் வேட்டையாடவும் நீள வில்லைவிட இந்தக் குட்டை வில்லே பொருத்தம் என்று போப்பே எழுதியிருக்கிறார்.

டாக்டர் தேர்ந்தெடுத்த வில்

ஆனால் போப் தனக்கென்று தேர்ந்தெடுத்தது இந்த வில்லை இல்லை. கொஞ்ச காலம் இஷியின் முறையில் எய்துவிட்டு, பிறகு ஆங்கில நெடுவில்லுக்கும் மூன்று விரல் இழுப்புக்கும் மாறிவிட்டார்.

நெடுவில் என்றால் ஏறக்குறைய ஆள் உயரம். யூ மரம். இந்த மரத்தில் இயற்கையே ஒரு வித்தை செய்து வைத்திருக்கிறது. வெளிப்பக்கத்து வெளிர் மரம் நன்றாக இழுபடும். உள்ளே இருக்கும் செந்நிற வைரம் நன்றாக நசுங்கி மீளும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரே துண்டாகப் பிளந்தெடுத்து, வெளிர் மரத்தை முதுகாகவும் வைரத்தை வயிறாகவும் வைத்துச் செதுக்கினால் போதும். இஷி தசைநார் ஒட்டிச் செய்ததை இங்கே மரமே செய்துகொடுக்கிறது. பசை இல்லாததால் ஈரத்துக்கும் பயமில்லை. மழை ஓயாத இங்கிலாந்தில் இந்த வில் பிறந்ததில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவின் பசிபிக் கரையோர மலைகளிலும் யூ மரத்தின் ஒரு வகை வளர்கிறது. போப்பும் நண்பர்களும் அதை வெட்டி வந்து, நிழலில் வருஷக்கணக்கில் உலரவிட்டு வில் செய்தார்கள்.

இந்த நெடுவில் ஆசைக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு விதை விழுந்திருந்தது. உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் இருந்த மாரிஸ் தாம்சன், வில் தாம்சன் சகோதரர்கள் பிறகு ஃபுளோரிடா காடுகளில் வில்லோடு அலைந்தார்கள். 1878இல் மாரிஸ் எழுதிய புத்தகம் வில்வித்தை மோகத்தையே கிளப்பிவிட்டது. அடுத்த வருஷமே, 1879இல், தேசிய வில்வித்தைச் சங்கம் உருவானது. போப் தலைமுறை அந்த ஆசையை மறுபடியும் காட்டுக்குள் கொண்டுபோனது.

போப் விஞ்ஞானி மனம் கொண்டவர். அருங்காட்சியகத்தில் உலகமெங்கும் இருந்து வந்த வில்கள் இருந்தன. அவற்றில் தாங்கக்கூடியவற்றை இழுத்து அளந்து, எய்து தூரம் குறித்து, 1923இல் பல்கலைக்கழக வெளியீடாகவே ஓர் ஆய்வு எழுதினார். 75 பவுண்டு வில்லால் பழைய இரும்பு வளையச் சட்டையை 7 கஜத்திலிருந்து எய்து பார்த்த கதையும் உண்டு. அருங்காட்சியக ஊழியர் ஒருவர், "நானே போட்டுக்கிட்டு நிக்கறேன், எய்யுங்க" என்று முன்வந்தாராம். நல்லவேளை, டாக்டர் மறுத்து, சட்டையை ஒரு மரப்பெட்டிக்குப் போட்டுவிட்டு எய்தார். தீப்பொறி பறக்க, அம்பு சட்டையைத் துளைத்து உள்ளே இறங்கியது!

பழைய ஆங்கில வில்லின் பலம் பற்றி போப் காலத்தில் இருந்த கணக்கு மிகவும் குறைவு. 1545 ஜூலை 19 அன்று மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1982இல் மேலே தூக்கப்பட்டபோது அந்தக் கணக்கே மாறியது. அதன் அகழாய்வில் முழு வில்கள் மட்டும் 130க்கு மேல் கிடைத்தன. அவற்றின் பலம் ஏறக்குறைய 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சிறுவயது முதல் பழகிய படைவீரர்களின் வில் அது. தூரத்தில் கூட்டமாக நிற்கும் எதிரிப்படை மேல், கவசம் போட்டவர் மேல், எய்வதற்கு. தூரம் கூடக்கூட வில் பலமாகிக்கொண்டே போகிறது, கவனித்தீர்களா? மானுக்கான வில்லையும் போருக்கான வில்லையும் ஒரே தராசில் வைத்து "எது நல்ல வில்?" என்று கேட்டால், பவுண்டு எப்போதும் போர்வில்லுக்கே பரிசு கொடுக்கும்.

கரடிக்கும் சிங்கத்துக்கும்

இஷி காசநோயால் 1916 மார்ச் 25 அன்று இறந்தார். இருவரும் சேர்ந்து பலமுறை மான் வேட்டைக்குப் போயிருந்தாலும், ஒரு மானைக்கூட அம்பால் வீழ்த்த முடியவில்லை. அதற்கு போப் சொல்லும் காரணம் நேர்மையானது. புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர் கூடவே இருந்ததும், வெள்ளைக்காரருக்கு நேரம் போதாத அவசரமும்தான் இஷியைக் கெடுத்தன என்கிறார். போப் தன் முதல் மானை வில்லால் வீழ்த்தியது இஷி இறந்த பிறகுதான்.

இந்த ஒரு விஷயத்தில் எல்லாமே இருக்கிறதாக எனக்குப் படுகிறது. வில் அதேதான், எய்யும் கையும் அதேதான். குறைந்துபோனது நேரம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டுத் திங்கட்கிழமை ஆபீஸுக்குத் திரும்ப வேண்டியவருக்கு 10 கஜம் வரை நெருங்க நேரம் கிடைக்காது. அவர் 50, 60 கஜத்தில் எய்யத்தான் பார்ப்பார். அதற்கு வில்லில் பலத்தைக் கூட்டியாக வேண்டும். காட்டில் செலவிட முடியாத நேரத்தைப் பவுண்டாகக் கொடுத்து ஈடுகட்டுவது மாதிரி.

போப்பும் அவர் தோழர் ஆர்தர் யங்கும் பிறகு அந்தப் பாதையில்தான் போனார்கள். 1920இல் கலிபோர்னியா அறிவியல் கழகத்துக்கு மாதிரிகள் சேகரிக்க அனுமதி பெற்று, வயோமிங் பகுதியில் கிரிஸ்லி கரடிகளை வில்லால் வேட்டையாடினார்கள். கையில் 75 பவுண்டும் அதற்கு மேலும் பலமுள்ள யூ வில்கள்; பக்கத்தில் துப்பாக்கியோடு வழிகாட்டி. 1925இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கத்தைத் தேடிப் போனபோதும் துணைக்குத் துப்பாக்கி இருந்தது. 1926இல் போப் நிமோனியாவில் இறந்தார்.

1923இல் அவர் எழுதிய வில்வேட்டைப் புத்தகம் ஒரு தலைமுறையையே வில் செய்ய வைத்தது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் மான் வேட்டைக்கு வில்லுக்கென்றே தனிப் பருவம் ஒதுக்கியது; பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. பின்னால் வந்த ஹோவர்ட் ஹில் 100 பவுண்டைத் தாண்டிய வில்லால் யானையையே வீழ்த்தினார். 1966இல் மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் உருளைகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். முழுசா இழுத்த பிறகு கையில் விழும் சுமை குறைந்துவிடும் ஏற்பாடு அது. அதோடு பவுண்டு பிரச்சினை இயந்திரத்தால் தீர்ந்தது. அப்படித் தீர்ந்த பிறகும் சிலர் வெறும் மரவில்லுக்கே திரும்பி வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது பலம் இல்லை.

கையால் செய்த வில்லை எப்படிப் பார்ப்பது?

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். இங்கிலாந்திலும் வில்லால் வேட்டையாட அனுமதி இல்லை. எனவே இது வாங்குவதற்கான கையேடு இல்லை. ஆனாலும் நல்ல மரவில்லை எப்படி இனம் காண்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

முதலில் முதுகு. மரத்தின் ஓர் ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓடணும். நடுவில் உளி அதை வெட்டியிருந்தால், ஒருநாள் அங்கேதான் பிளக்கும். ஓசேஜ் ஆரஞ்சு என்று ஒரு மஞ்சள் மரம் உண்டு. அந்த மரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் "வில் மரம்" என்றே அழைத்தார்கள். அதில் வில் செய்பவர்கள் ஒரே வளையத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் சுரண்டுவார்கள். கணு இருந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாக மரம் விட்டிருக்கிறாரா என்று பார்க்கணும்.

அடுத்து வயிறு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கே முடி மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகிறதா? தெரிந்தால், அங்கே மரம் நசுங்க ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது வளைவு. நாணேற்றி இழுக்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்க. மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்ந்து ஒரே சீராக வளையணும். ஒரு இடம் மட்டும் முழங்கை மாதிரி மடிந்தால், அந்த இடம்தான் எல்லாச் சுமையையும் சுமக்கிறது. வில் செய்பவரின் முழுத் திறமையும் இந்த ஒன்றில்தான் தெரியும். சுரண்டுவது, வளைத்துப் பார்ப்பது, மறுபடி சுரண்டுவது என்று நாள் கணக்கில் போகும் வேலை இது. நாணைக் கழற்றியதும் வில் எவ்வளவு நேராகிறது என்பதையும் பார்க்கணும். கொஞ்சம் வளைந்தே நிற்பது மரவில்லுக்குச் சகஜம். ரொம்ப வளைந்து நின்றால் அது சோர்ந்த வில்.

பிறகு உங்க உடம்பு. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. உங்க கை 26தான் இழுக்கும் என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 2, 3 பவுண்டு குறைந்துவிடும். வெறும் மரவில் என்றால் அதன் நீளம் உங்க இழுப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலே இருப்பது பாதுகாப்பு. அம்பும் வில்லுக்கு ஏற்ற கனம் இருக்கணும். பவுண்டுக்கு 10 கிரெயின் என்பது வேட்டைக்காரர்களின் பொதுக்கணக்கு. 50 பவுண்டு வில்லுக்குச் சுமார் 32 கிராம் அம்பு. அம்பு ரொம்ப லேசாக இருந்தால் வேகம் கூடும், ஆனால் மிச்ச சக்தி வில்லையே உலுக்கும்.

பவுண்டு இதற்கெல்லாம் கடைசியில்தான் வரணும். உட்கார்ந்து, முழுசா இழுத்து, நடுங்காமல் சில நொடி பிடிக்க முடியுமா? முடியாது என்றால் அது உங்க வில் இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பலம் 40 பவுண்டை ஒட்டித்தான் இருக்கிறது. தசைநாரும் மீன்பசையும் கொண்டு செய்த இஷியின் வில் அந்தப் பரீட்சையில் இன்றைக்கும் தேறிவிடும்.

சிதையில் வைத்தவை

இஷியை எரியூட்டியபோது அவருடைய வில் ஒன்று, ஐந்து அம்புகள், ஒரு கூடை ஓக் கொட்டை மாவு, சிப்பிக் காசுகள், புகையிலை, சில கண்ணாடிக்கல் சில்லுகள் ஆகியவற்றைக் கூட வைத்தார்கள். போகும் வழிக்குத் தேவையானவை. ஆனால் அதற்கு முன்பே உடற்கூறு ஆய்வு நடந்து, அவருடைய மூளை தனியே எடுக்கப்பட்டிருந்தது. அப்போது வெளியூரில் இருந்த குரோபர் அப்படிச் செய்யக்கூடாது என்று கோபமாகக் கடிதம் எழுதினார். கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளை 1917இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியனுக்குப் போய், பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. 2000இல்தான் அவருக்கு உறவுள்ள பழங்குடிகளிடம் அதை ஒப்படைத்தார்கள். அஸ்தியோடு சேர்த்து, வெளியே சொல்லாத ஓர் இடத்தில் அவர்கள் அடக்கம் செய்தார்கள்.

1961இல் அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் அமைத்த சங்கத்துக்கு "போப் அண்ட் யங்" என்று பெயர் வைத்தார்கள். இஷியின் பெயர் அதில் இல்லை. வைக்க வேண்டுமென்றாலும், அவர் உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் வில் வாங்கப் போகிறவர், "எத்தனை பவுண்டு?" என்று கேட்பதற்கு முன், "எவ்வளவு பக்கத்தில் போக எனக்குப் பொறுமை இருக்கு?" என்று தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டால், அவர் கேட்பது இஷியின் கேள்வியைத்தான்.